முதல் ஊசி தமக்கே

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

கொள்ளை நோய் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அதனுடன் ஒரு வினாவும் நுழைகிறது. ஊரைக் காப்பதற்காக ஒரு மனிதனின் உடல் மீதும் வீட்டின் மீதும் அரசுக்கு எவ்வளவு உரிமை உண்டு? நோயாளியை அவன் விருப்பத்துக்கு மாறாகத் தூக்கிச் செல்லலாமா? பூட்டிய வீட்டைத் திறந்து சோதிக்கலாமா? வேண்டாம் என்பவனுக்கும் ஊசி போடலாமா? அல்லது எடுத்துச் சொல்லி, அவனே முன்வரும் வரை காத்திருக்க வேண்டுமா? அப்படிக் காத்திருக்கும்போது அவன் அண்டை வீட்டுக்கும் நோயைக் கொடுத்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு?

இந்த வினா நம் நாட்டில் மிகக் கடுமையாக எழுந்த காலம் 1896, 1897ஆம் ஆண்டுகள். அப்போது பம்பாயில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் இவ்வினாவுக்குத் தம் செயலால் விடை சொன்னார். அவர்தாம் வால்டெமார் ஹாஃப்கின். ஜென்னரையும் பாஸ்டரையும் அறிந்த அளவுக்கு இவரை நாம் அறியவில்லை. காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டு, அவற்றை நம் மக்களுக்கு நேரில் கொண்டுவந்து சேர்த்தவர் இவர். இந்த நாட்டுக்கே தம் வாழ்நாளின் நல்ல பகுதியைத் தந்த அந்த அயல்நாட்டவரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்ளுதல் நன்று.

பிறப்பும் கல்வியும்

ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த ஒடெஸ்ஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்றார். வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்த மெச்னிக்கோவ் அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

அந்நாளில் ரஷ்யாவில் யூதர்களின் நிலை இரங்கத்தக்கது. 1881இல் அவர்கள் மீது கலவரங்கள் கட்டவிழ்த்து விடப்பட்டன. மாணவரான ஹாஃப்கின் தம் மக்களைக் காக்கப் புறப்பட்ட தற்காப்புக் குழுவில் சேர்ந்தார், காயமுற்றார், கைதும் செய்யப்பட்டார். மெச்னிக்கோவ் தலையிட்டதால் விடுதலை கிடைத்தது. பின்னர் அவர் மதம் மாறியிருந்தால் உயர்ந்த பதவி கிடைத்திருக்கும். அவர் மாறவில்லை. ஆகவே ஒடெஸ்ஸாவின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு வேலையோடு காலம் கழிக்க வேண்டியதாயிற்று.

அவர் மருத்துவர் அல்லர். விலங்கியல் படித்தவர் என்பதை நம் துறை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலாம் ஆண்டில் நுண்ணோக்கியின் கீழ் நாம் பார்த்த பாரமீசியம், யூக்ளினா ஆகிய ஒரு செல் உயிரிகளே அவருடைய முதல் ஆராய்ச்சிப் பொருள்கள். பாரமீசியத்துக்குள் புகுந்து வாழும் ஒரு வகைப் பாக்டீரியத்தை 1890இல் விவரித்து அதற்கு ஹோலோஸ்போரா என்று பெயரிட்டவர் அவரே. ஓர் ஒற்றைச் செல்லுக்கும் தொற்று நோய் வருகிறது என்று கண்ட அந்தக் கண்கள்தாம் பின்னர் ஒரு நாட்டின் தொற்று நோயைக் காண வந்தன.

பாரிஸில்

1888இல் ரஷ்யாவை விட்டு ஜெனீவா சென்றார். அடுத்த ஆண்டு பாரிஸில் பாஸ்டர் ஆய்வு நிலையத்துக்கு வந்தார். அவருடைய ஆசிரியர் மெச்னிக்கோவ் முன்னரே அங்கு சேர்ந்திருந்தார். ஆனால் அப்போது காலியாக இருந்த ஒரே இடம் நூலகத்தில்தான். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற அவர் தயங்காமல் அந்த உதவி நூலகர் வேலையை ஏற்றுக்கொண்டார். பகலில் புத்தகம் எடுத்துக் கொடுத்தார்; மிஞ்சிய நேரத்தில் ஆராய்ச்சி செய்தார்.

அந்நாளில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் காலரா உலுக்கிக்கொண்டிருந்தது. காலராக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, ஒரு வகையில் அதன் வீரியத்தைக் குறைத்தும், மற்றொரு வகையில் கினிப் பன்றிகளின் உடலில் தொடர்ந்து செலுத்தி வீரியத்தைக் கூட்டியும், இரண்டு ஊசிகளைக் கொண்ட தடுப்பு முறையை ஹாஃப்கின் வகுத்தார். முதலில் மென்மையானது, சில நாள் கழித்து வலுவானது. விலங்குகளிடம் அது பயன்பட்டது. மனிதனுக்குப் பயன்படுமா? அபாயம் உண்டாகாதா?

1892ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் அந்த ஊசியை அவர் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலி இருந்தது, சில நாளில் நீங்கியது. அதன் பிறகே நண்பர்கள் சிலருக்குப் போட்டார். அதன் பிறகே அறிவியல் அவையில் அறிக்கை படித்தார். தமக்கு முதலில், பிறகே பிறருக்கு என்ற இந்த வரிசையை அவர் பிளேக் காலத்திலும் கைவிடவில்லை.

கல்கத்தாவின் சேரிகளில்

முன்னாள் வைசிராயான டஃப்ரின் பிரபு அப்போது பாரிஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். காலராவின் தாயகமாகிய வங்காளத்துக்குச் செல்லுமாறு அவர் யோசனை கூறினார். 1893இல் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார்.

வந்தவருக்கு வரவேற்பு இல்லை. ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகள், மருத்துவப் பட்டமில்லாத இந்த ரஷ்யரை ஐயத்தோடு பார்த்தனர். மக்களோ அவரை வெள்ளைக்காரராகவே கண்டனர். ஊசியில் நஞ்சு இருக்கிறது, சாதியைக் கெடுக்கும் பொருள் இருக்கிறது என்றெல்லாம் பேச்சு எழுந்தது. சேரி ஒன்றில் கல்லெறி விழுந்தது என்றும், அங்கேயே எல்லார் முன்னிலையிலும் அவர் தம் உடலில் ஊசி போட்டுக் காட்டியதும் கூட்டத்தின் மனம் மாறியது என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அவர் ஓர் அறிவான காரியம் செய்தார். சௌத்ரி, கோஷ், சட்டர்ஜி, தத் ஆகிய வங்காள மருத்துவர்களைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். மக்கள் மொழியில் பேசவும், அவர்களுடைய ஐயத்தைக் கேட்கவும் இவர்கள் இருந்தனர். 1894இல் கல்கத்தாவின் காட்டல் பாகான் சேரியில் காலரா தோன்றியபோது பாதிக்கு மேற்பட்ட மக்கள் தாமாக வந்து ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அங்கு நோய் கண்டவர்கள் ஊசி போடாதவர்களாகவே இருந்தனர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும், படை முகாம்களிலும், வட இந்தியாவின் ஊர்களிலும் அவர் அலைந்தார். இரண்டரை ஆண்டுகளில் 40,000க்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றனர். மக்களைக் கட்டாயப்படுத்தும் ஆணை எதுவும் அவர் கையில் இருக்கவில்லை. 1895இல் மலேரியா அவரை வீழ்த்தியது; ஓய்வுக்காக இங்கிலாந்து சென்று அடுத்த ஆண்டே திரும்பினார்.

பிளேக் வந்தது

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வீகாஸ் என்னும் மருத்துவர் பிளேக் நோயை அடையாளம் கண்டார். துறைமுகத்துக்கு அருகே, தானியக் கிடங்குகள் நெருங்கிய இடம் அது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டும், கடுங்காய்ச்சல் வரும், சில நாளில் உயிர் போகும். நகரத்தை விட்டு இலட்சக்கணக்கானோர் ஓடினர். ஓடியவர்களோடும் அவர்களுடைய மூட்டைகளோடும் நோயும் பயணம் செய்தது.

நகராட்சி கடுமையான ஆணைகள் பிறப்பித்தது. நோயாளியைக் கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம் என்றது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்புவதில்லை என்பது மக்கள் கண்ட காட்சி. அச்சம் கோபமாயிற்று. அக்டோபர் இறுதியில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கியது.

1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளை நோய்ச் சட்டம் பிறந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம் அது. சிறியதாயினும் அதன் கை நீளமானது. தேவை என்று கருதும் எந்த ஆணையையும் அரசு பிறப்பிக்கலாம்; இரயில் பயணிகளைச் சோதிக்கலாம்; நோய் இருப்பதாக ஐயப்படுவோரைத் தனியே பிரித்து வைக்கலாம்; மீறியவரைத் தண்டிக்கலாம். இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்த எச்செயலுக்காகவும் எவர் மீதும் வழக்குத் தொடர இயலாது என்றும் அதன் கடைசிப் பிரிவு கூறியது. மக்களுக்குக் கடமைகள் விதித்த அச்சட்டம், அவர்களுக்கு விளக்கம் தர வேண்டும் என்ற கடமையை அதிகாரிக்கு விதிக்கவில்லை.

புனேயில் நடந்தது

இச்சட்டம் எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதற்குப் புனே நகரமே சான்று. அங்கு பிளேக் குழுவின் தலைவராக ராண்ட் என்ற அதிகாரி அமர்த்தப்பட்டார். வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தனர். பூசை அறையிலும் சமையல் அறையிலும் பூட்ஸ் கால்கள் நடந்தன. பெண்களும் சோதிக்கப்பட்டனர். பொருள்கள் எரிக்கப்பட்டன. நோய் கண்டால் சொல்ல வேண்டிய மக்கள் நோயை மறைக்கத் தொடங்கினர், பிணத்தைக்கூட மறைத்தனர். 1897 ஜூன் 22ஆம் நாள் இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா நாளன்று, சாபேகர் சகோதரர்கள் ராண்டையும் அவருடன் வந்த அயர்ஸ்ட்டையும் சுட்டனர். இருவரும் மாண்டனர். அச்சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். திலகர் தம் இதழில் எழுதியதற்காகச் சிறை சென்றார்.

இன்றைய அறிவியல் அறிவோடு இதைத் திரும்பிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. பிளேக் கிருமியை எர்சின் 1894இலேயே ஹாங்காங்கில் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அதை எலியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டு வருவது எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி என்பதைச் சிமோன்ட் என்பவர் 1898இல்தான் கண்டார்; அதை உலகம் ஒப்புக்கொள்ள மேலும் சில ஆண்டுகள் ஆயின. சிப்பாய்கள் மனிதர்களைத் தேடி வீட்டைக் கலைத்தபோது, எலிகள் அடுத்த வீட்டுக்கு ஓடின. அறியாமையோடு வந்த கட்டாயம் தான் தடுக்க வந்ததையே பரப்பவும் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அதே புனேயில், அதே 1897இல், மற்றொரு காட்சியும் உண்டு. பெண் கல்விக்குப் பாடுபட்ட சாவித்திரிபாய் புலே, பிளேக் கண்ட ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு தம் மகன் நடத்திய மருத்துவமனைக்குச் சென்றார். நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். எந்தச் சட்டமும் அவரை அனுப்பவில்லை.

ஜனவரி 10

இனி ஹாஃப்கினிடம் திரும்புவோம். 1896 அக்டோபரில் அரசு அவரைப் பம்பாய்க்கு அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சிறிய இடம் கிடைத்தது. ஓர் எழுத்தரும் பயிற்சியில்லாத மூன்று உதவியாளர்களுமே அவருடைய படை. பிளேக் கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்க்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் மாட்டிறைச்சிச் சாறு வழக்கம். இந்நாட்டு மக்களின் உடலில் செலுத்தப் போகும் பொருள் அவர்களுடைய மனத்தையும் புண்படுத்தக் கூடாது என்று கருதிய ஹாஃப்கின் ஆட்டிறைச்சிச் சாற்றைப் பயன்படுத்தினார். அதன் மேல் நெய்த்துளிகளை மிதக்க விட்டார். அத்துளிகளின் அடியிலிருந்து கிருமிகள் விழுது விழுதாகக் கீழ்நோக்கி வளர்ந்தன. பின் வெப்பத்தால் அவற்றைக் கொன்று, கார்பாலிக் அமிலம் சேர்த்து மருந்தாக்கினார். சட்டத்தைச் செயற்படுத்தியவர்கள் பூட்ஸ் காலோடு நுழைந்த அந்நாளில், ஒரு புட்டிச் சாற்றிலும் மக்களின் மனத்தை எண்ணிப் பார்த்தவர் அவர்.

1897 ஜனவரி 10ஆம் நாள் அந்த மருந்தைத் தம் உடலில் செலுத்தச் செய்தார். மற்றவர்களுக்குப் பின்னர் கொடுத்த அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் தமக்கு ஏற்றிக்கொண்டார் என்பர். காய்ச்சலும் வலியும் வந்து நீங்கின. அதன் பிறகே மருந்து வெளியே வந்தது.

அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் பிளேக் தோன்றியது. விரும்பியவர் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றனர். கைதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்வந்தனர். ஊசி போடாத பாதியில் பின்னர் 12 பேருக்கு நோய் கண்டு 6 பேர் இறந்தனர். ஊசி போட்டவர்களில் இருவருக்கு நோய் கண்டது, இருவரும் பிழைத்தனர். சிறைக்குள் இருப்பவன் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் மற்றவர்கள் கேட்காமலே செய்த காலத்தில் அவர் கேட்டுச் செய்தார்.

இஸ்மாயிலி கோஜாக்களின் சமயத் தலைவரான மூன்றாம் ஆகா கானுக்கு அப்போது வயது 19. நம்மில் பலருடைய வயதுதான். அவர் ஹாஃப்கினுக்குத் தம் மாளிகை ஒன்றை ஆய்வுக்கூடமாகக் கொடுத்தார். தம் மக்கள் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டார். அதைக் கண்டு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து நின்றனர்.

1898இல் கல்கத்தாவில் எல்லாருக்கும் கட்டாய ஊசி வரப்போகிறது என்ற வதந்தி பரவிக் கலகம் மூண்டது. ஊசி கட்டாயமன்று என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் வீட்டுச் சோதனைகளும் பலவந்தப் பிரிப்பும் மெல்லத் தளர்ந்தன. சில இடங்களில் வேறொரு வழியும் கையாளப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவருக்குச் சான்றிதழ் தந்து, முகாமில் அடைக்கப்படுவதிலிருந்து விலக்கு அளித்தனர். இது முழு விருப்பமும் அன்று. முழுக் கட்டாயமும் அன்று. ஆனால் சிப்பாயை அனுப்புவதைவிட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

1899இல் ஆய்வுக்கூடம் பரேலில் இருந்த பழைய அரசினர் மாளிகைக்கு மாறியது. இந்தியாவின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அங்கிருந்து மருந்துப் புட்டிகள் சென்றன.

முல்கோவால் துயரம்

புகழின் உச்சியில் இருந்த அவரை ஒரு புட்டி வீழ்த்தியது. 1902இல் பஞ்சாபில் பெரும் அளவில் ஊசி போட அரசு திட்டமிட்டது. விரைவாக, மிகுதியாக மருந்து வேண்டும் என்ற நெருக்கடி. அக்டோபர் 30ஆம் நாள் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. சில நாட்களில் அவர்களில் 19 பேருக்கு டெட்டனஸ் எனும் இரண ஜன்னி கண்டது. 19 பேரும் இறந்தனர். அனைவரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்கள். நம்பி வந்து கை நீட்டிய எளிய மக்கள் அவர்கள்.

விசாரணைக் குழு பரேல் ஆய்வுக்கூடத்தின் மீது பழி சுமத்தியது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு வெப்பத்தை மட்டும் நம்பியதே காரணம் என்றது. ஹாஃப்கின் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். ஆனால் அந்த நாளின் ஒரு நிகழ்ச்சி போதிய அளவில் கவனிக்கப்படவில்லை. புட்டியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைக் கொதிக்க வைக்காமல், கிருமி நாசினி நீரில் வெறுமனே அலசிவிட்டு, அதனாலேயே தக்கையை எடுத்திருக்கின்றனர். டெட்டனஸ் கிருமியின் விதைகள் மண்ணில் வாழ்பவை என்பதை நாம் அறிவோம். திறந்த வேளையில் புட்டியில் கெட்ட வாடை இல்லை என்பதும் சாட்சியத்தில் இருந்தது. பம்பாயிலேயே கிருமி புகுந்திருந்தால் பல நாள் புட்டிக்குள் வளர்ந்து நாறியிருக்க வேண்டும்.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் அப்பழியைச் சுமந்தார். மலேரியாவை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் அவருக்காகக் குரல் கொடுத்தார். 1907 ஜூலையில் உலகப் புகழ் பெற்ற அறிஞர்கள் பலர் சேர்ந்து லண்டன் டைம்ஸ் இதழில் கடிதம் வெளியிட்டனர். அவ்வாண்டு இறுதியில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ந்தது.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீடுகளைக் கலைத்துப் பொருள்களை எரித்த சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் சட்டத்தின் கடைசிப் பிரிவு கேடயமாக நின்றது. மக்களைக் கேட்டு ஊசி போட்டவருக்கோ எந்தக் கேடயமும் இல்லை. கட்டாயப்படுத்தியவர் பொறுப்பிலிருந்து தப்பினார். நம்பிக்கையைப் பெற்றவர் முழுப் பொறுப்பையும் சுமந்தார். நீதி என்று நோக்கினால் இது பெரும் பிழை. ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. மக்கள் தாமாக முன்வந்து கை நீட்டும்போது, அந்தக் கையைத் தொடும் ஒவ்வொருவரும் பொறுப்பாளர் ஆகிறார்: மருந்து செய்தவர், சுமந்து வந்தவர், தக்கை எடுத்தவர், ஊசி குத்தியவர். இவர்களுள் ஒருவர் தவறினாலும் 19 உயிர்கள் போகும். மீதி இருக்கும் பல்லாயிரம் பேரின் நம்பிக்கையும் போகும். முல்கோவாலுக்குப் பிறகு பஞ்சாபில் மக்கள் ஊசியைக் கண்டு ஒதுங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் அங்கு பிளேக் வாரிக்கொண்டு போனது. தரையில் விழுந்த ஓர் இடுக்கியின் விலை இது.

இறுதிக் காலம்

பழி நீங்கிய பின் ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால் தாம் உருவாக்கிய பரேல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக அவரால் திரும்ப முடியவில்லை. கல்கத்தாவில் பணி கிடைத்தது. காலராவுக்குப் புதிய தடுப்பூசி ஒன்றை மனிதரிடம் சோதிக்க அவர் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம் செல்வத்தை யூதர்களின் சமயக் கல்விக்கு எழுதி வைத்தார். 1930 அக்டோபர் 26ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

1925இல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது. 1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து சென்ற பிளேக் தடுப்பு மருந்து 2 கோடியே 60 இலட்சம் அளவு. 1964இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

நாம் கொள்ள வேண்டியது

அவருடைய ஊசி எல்லாரையும் காத்தது என்று சொல்லிவிட முடியாது. அதன் பாதுகாப்பு முழுமையானதன்று, நெடுநாள் நிற்பதுமன்று. பிளேக் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றுவிட்டுத்தான் தணிந்தது. எனவே சட்டமே வேண்டா, விருப்பமே போதும் என்று சொல்வது எளிமையான பேச்சு. நோய் கண்டால் தெரிவிக்க வேண்டும், குடிநீரைக் காக்க வேண்டும், தொற்றுள்ளவர் கூட்டத்தில் கலக்கக் கூடாது என்பவற்றுக்குச் சட்டம் வேண்டும். தனக்கு நோய் இருப்பதை அறிந்தே அதை மறைத்து அடுத்தவனுக்குக் கொடுப்பவன் தன் சுதந்திரத்தைப் பற்றிப் பேச உரிமை உடையவனா? 1939இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் இவற்றையெல்லாம் விரிவாக வகுத்தது. 1897ஆம் ஆண்டின் அந்த நான்கு பிரிவுச் சட்டமே 2020இல் கொரோனாக் காலத்திலும் கையில் எடுக்கப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குத் தண்டனை என்ற திருத்தம் அவ்வாண்டு அதில் சேர்ந்தது.

ஆனால் சட்டம் எங்கே நின்றுவிடுகிறது என்பதை என் ஊரிலேயே கண்டேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2021இல் எங்கள் ஊருக்குத் தடுப்பூசி முகாம் வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஊசி போடாவிட்டால் அது கிடைக்காது, இது கிடைக்காது என்று பேச்சும் பரவியது. அன்று பாதி ஊர் சோளக்காட்டுக்குள் போய்விட்டது. சில நாள் கழித்து, எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் பிரசவம் பார்த்த செவிலியர் அக்கா வந்தார். திண்ணையில் அமர்ந்து, என் பாட்டியை ஆத்தா என்று அழைத்து, தமக்கு ஊசி போட்டபின் இரண்டு நாள் காய்ச்சல் அடித்ததை மறைக்காமல் சொன்னார். தம் தாய்க்கும் போட்டதைச் சொன்னார். என் பாட்டி அவரிடம் பல கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மறுநாள் பாட்டி தாமே நடந்து போனதோடு பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போனார். ஹாஃப்கினின் வரலாற்றைப் படித்தபோது அந்தச் செவிலியர் அக்கா செய்தது இன்னதென்று எனக்கு விளங்கியது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்துக்கு நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என நான்கு உறுப்புகள் உண்டு என்று வகுத்தார். அந்நான்கில் முதலில் நிற்பவன் நோயாளி. அவனைத் தள்ளி வைத்துவிட்டு மற்ற மூன்றால் மட்டும் நோயை ஒழிக்க முடியாது. புனே அதிகாரிகள் மறந்தது இதைத்தான்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆய்வுக்கூடத்திலோ, மருத்துவமனையிலோ, பள்ளிக்கூடத்திலோ, சுகாதார அலுவலகத்திலோ பணிபுரியப் போகிறோம். நம் வீடுகளில் படித்தவர் என்று சொல்லப்படுபவர் நாமே. எது நஞ்சு, எது மருந்து என்று நம் பெற்றோரும் ஊராரும் நம்மிடம்தான் கேட்பர். அவர்களை அறியாதவர் என்று அதட்டுவது எளிது. அவர்களுடைய ஐயத்தை இருந்து கேட்டு, அறிந்ததை மறைக்காமல் சொல்லி, அவர்களிடம் கேட்பதை முதலில் நாம் செய்து காட்டுவது அரிது. கையில் ஏந்திய இடுக்கி தரையில் விழுந்துவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், அதை மீண்டும் கொதிக்க வைப்பதும் அரிது. அரியதாகிய இவ்விரண்டையும் நாம் கற்றுக்கொண்டால், நம் பட்டத்துக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.